மொபைல் ஹோம் வேறு, மேனுஃபேக்சர்ட் ஹோம் வேறு

(வீடமைப்பு குறித்த தொலைக்காட்சிக் கருத்தரங்கில் இடம்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் உள்ள ஒரு டிரெய்லர் பார்க்கை மனத்தில் கொண்டு வாருங்கள். பார்க் என்றதும் பூங்கா என்று எண்ணிவிட வேண்டாம். வாடகை மனைகளில் வரிசையாக வீடுகள் நிற்கும் குடியிருப்புக்கு அங்கே அப்படிப் பெயர். ஒவ்வொரு வீடும் ரயில் பெட்டியைப் போல ஒடுங்கி நீண்டிருக்கும். வாசலில் மூன்று படிகள், பக்கத்தில் காருக்கு ஒரு கூரை, வீட்டின் அடிப்பாகத்தைச் சுற்றி மறைப்புத் தகடு. அந்த வரிசையில் அடுத்தடுத்து நிற்கும் இரண்டு வீடுகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்று 1975-ல் செய்தது, மற்றொன்று 1977-ல் செய்தது. பார்ப்பதற்கு இரண்டும் அக்காள் தங்கை. அக்கம்பக்கத்தார் இரண்டையும் மொபைல் ஹோம் என்றே சொல்வார்கள்.

இப்போது இரண்டும் விற்பனைக்கு வருகின்றன. 1975-ஆம் ஆண்டு வீட்டின் விலை சில ஆயிரம் டாலர் குறைவு. விலை மலிவு என்று ஒரு குடும்பம் அதை வாங்க முன்வருகிறது. கூட்டரசு உத்தரவாதமுள்ள வீட்டுக் கடனுக்கு மனுச் செய்தால், "1976 ஜூன் 15-க்கு முன் செய்ததா, பின் செய்ததா?" என்ற கேள்வி வந்து நிற்கிறது. முன் செய்தது என்றால் அந்தக் கதவு மூடப்பட்டது. பல காப்புறுதி நிறுவனங்களும் அதே பதிலைத்தான் சொல்லும். வீட்டை வேறு ஊருக்குக் கொண்டுபோகலாம் என்றால், பல நகராண்மைக் கழகங்கள் அந்தத் தேதிக்கு முந்திய வீட்டை எல்லைக்குள்ளேயே விடுவதில்லை. பக்கத்து 1977 வீட்டுக்கோ, மற்ற நிபந்தனைகள் பொருந்தினால், கேட்டுப் பார்ப்பதற்காவது வழி இருக்கிறது.

அந்தத் தேதிக்கு அப்படி என்ன மகத்துவம்? அமெரிக்க வீடமைப்பு, நகர மேம்பாட்டு அமைச்சு வகுத்த கட்டுமான விதித்தொகுப்பு நடப்புக்கு வந்த நாள் அது. அமைச்சின் ஆங்கிலப் பெயர்ச் சுருக்கத்தைக் கொண்டு 'ஹட்' விதி என்பார்கள். அதற்கு முன் ஆலையில் செய்து இழுத்து வந்தது மொபைல் ஹோம். அன்று முதல் அந்த விதிப்படி செய்தது மேனுஃபேக்சர்ட் ஹோம். ஆக, கண்டிப்பாகப் பார்த்தால், இன்றைய அமெரிக்காவில் புதிய மொபைல் ஹோம் என்று ஒன்று விற்பனைக்கே இல்லை. ஆனால் மக்கள் வாய் சட்டத்தைக் கேட்டா பேசுகிறது? மக்களைக் குறை சொல்வானேன், மாநிலங்களே ஒன்றுபோல் பேசுவதில்லை. டெக்சாஸ் மாநிலச் சட்டம் இந்தத் தேதியை வைத்து இரண்டையும் பிரித்துக் காட்டுகிறது. புளோரிடாவில் பார்க் குடியிருப்புகளுக்கான சட்டத்தின் பெயரிலேயே மொபைல் ஹோம் என்ற சொல்தான் இருக்கிறது.

மொபைல் என்றால் நகரக்கூடியது. இந்தப் பெயர் வந்த கதையில் ஒரு வேடிக்கை உண்டு. 1930-களில் சொந்தக் காரின் பின்னால் கட்டி இழுத்துப்போகும் டிரெய்லர்கள் அமெரிக்காவில் பரவின. அவை உல்லாசப் பயணத்துக்கானவை. பொருளாதார மந்தத்தில் வேலை தேடி அலைந்த குடும்பங்கள் அவற்றையே வீடாக்கிக்கொண்டன. இரண்டாம் உலகப் போர் வந்ததும் ஆயுதத் தொழிற்சாலை ஊழியர்களைக் குடியமர்த்த அரசாங்கமே அவற்றை ஆயிரக்கணக்கில் வாங்கியது. போர் முடிந்து திரும்பிய வீரர்களுக்கு வீடு போதவில்லை. தற்காலிகமாக வந்தது நிலைத்துப்போனது. அப்போதெல்லாம் டிரெய்லரின் அகலம் 8 அடி. சாலை விதி அதற்கு மேல் இடம் தரவில்லை. எட்டடி அகலத்துக்குள் ஒரு குடும்பம் எப்படி வாழ்ந்தது என்பதை அனுபவித்தவர்கள்தாம் சொல்ல வேண்டும்.

1954-ல் விஸ்கான்சின் மாநிலத்தைச் சேர்ந்த எல்மர் ஃப்ரே என்ற தயாரிப்பாளர் 10 அடி அகல வீட்டைச் சந்தைக்குக் கொண்டுவந்தார். மொபைல் ஹோம் என்ற சொல்லை வழக்கில் விட்ட பெருமையும் அவருக்கே தரப்படுகிறது. பத்தடி வந்ததால் உள்ளே ஒரு நடைவழி கிடைத்தது. ஒரு படுக்கையறையைக் கடந்துதான் அடுத்த அறைக்குப் போக வேண்டும் என்ற நிலை மாறியது. ஆனால் பத்தடி வீட்டைச் சொந்தக் காரில் இழுக்க முடியாது. சிறப்பு அனுமதி வேண்டும், லோரி வேண்டும், அதற்கென்றே ஆட்கள் வேண்டும். அதாவது, வீடு நகர்வதை நிறுத்திக்கொண்ட காலத்தில்தான் அதற்கு நகரும் வீடு என்று பெயர் சூட்டினார்கள்! ஆலையிலிருந்து மனைக்கு ஒரு பயணம். பெரும்பாலான வீடுகளுக்கு முதலும் கடைசியுமான பயணம் அதுதான்.

மலிவு என்பதால் மக்கள் அள்ளிக்கொண்டார்கள். 1972, 1973 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் ஆண்டுக்கு ஐந்தரை லட்சத்துக்கு மேல் இவ்வகை வீடுகள் ஆலைகளிலிருந்து வெளியேறின. செய்தவர்களில் நேர்மையானவர்களும் உண்டு, கிடைத்ததை ஒட்டி அனுப்பியவர்களும் உண்டு. தொழில்துறை வகுத்த ஒரு தரம் அப்போதும் இருந்தது. பல மாநிலங்கள் அதை ஏற்றும் இருந்தன. ஆனால் சோதிப்பதும் தண்டிப்பதும் மாநிலத்துக்கு மாநிலம் மாறியது. மெல்லிய பலகைச் சுவர் தீப்பிடித்தால் வீடு முழுவதும் பரவ அதிக நேரம் ஆகாது. ஒரே வாசல், சிறிய சன்னல்கள். இரவில் தீப்பிடித்தால் உள்ளே இருப்பவர் எந்த வழியாக வெளியேறுவார்? பலத்த காற்றில் புரண்ட வீடுகள், ஒழுகிய கூரைகள் பற்றிய புகார்களும் குவிந்தன.

அதன் பயன்தான் 1974 ஆகஸ்டில் நாடாளுமன்றம் இயற்றிய சட்டம். கட்டமைப்பின் வலு, தீத்தடுப்பு, மின்கம்பி, தண்ணீர்க் குழாய், வெப்பமூட்டும் கருவி, வெப்பக் காப்பு என்று எல்லாவற்றுக்கும் நாடு முழுமைக்கும் ஒரே விதி. புகை எச்சரிக்கைக் கருவி கட்டாயம். வெளியேற இரண்டு வாசல்கள் கட்டாயம். படுக்கையறையில் ஆபத்து நேரத்தில் ஆள் வெளியேறக்கூடிய சன்னல் கட்டாயம். வரைபடத்தை ஓர் அமைப்பு சரிபார்க்கும். ஆலைக்குள் வேலை நடக்கும்போதே வெளியாள் ஒருவர் வந்து பார்ப்பார். 1980-ல் கூட்டரசுச் சட்டத்திலிருந்து மொபைல் ஹோம் என்ற சொல்லையே எடுத்துவிட்டு மேனுஃபேக்சர்ட் ஹோம் என்று எழுதினார்கள்.

அடையாளம் காண்பதும் கடினமல்ல. விதிப்படி செய்த ஒவ்வொரு வீட்டின் வெளிச்சுவரிலும், பின்பக்க ஓரத்தில், தீப்பெட்டியைவிடச் சற்றே பெரிய சிவப்பு உலோகத் தகடு ஒன்று அறையப்பட்டிருக்கும். இரண்டு பகுதியாக வந்து மனையில் ஒட்டிய அகல வீடு என்றால் இரண்டு தகடுகள். உள்ளே, சமையலறை அலமாரிக் கதவின் பின்புறமோ மின்பெட்டி அருகிலோ ஒரு தாள் ஒட்டியிருக்கும். எந்த ஆலை, எந்தத் தேதி, எவ்வளவு காற்றைத் தாங்கும், கூரை எவ்வளவு பனியைத் தாங்கும் என்பதெல்லாம் அதில் இருக்கும். சாயம் பூசுகிறவர்கள் தகட்டைக் கழற்றி எறிந்துவிடுவதும், அலமாரியை மாற்றும்போது தாள் குப்பைக்குப் போவதும் சாதாரணம். அமைச்சு புதுத் தகடு தராது. தொடர் எண்ணைக் கொடுத்தால் உறுதிக் கடிதம் பெறலாம். விற்கும் நேரத்தில் அந்தக் கடிதத்துக்காக அலைகிறவர்கள் பலர்.

இங்கே மூன்றாவது ஒரு பெயரும் குறுக்கே வருகிறது: மோடுலர் ஹோம். அதுவும் ஆலையில் செய்ததுதான். ஆனால் அது போய் உட்காரும் ஊரின் கட்டட விதிப்படி செய்யப்படுவது. அடித்தளத்தின்மேல் வைத்துவிட்டால் மற்ற வீடுகளைப் போல் அதுவும் ஒரு வீடு. சிங்கப்பூரில் அண்மை ஆண்டுகளில் முழு அறைகளைத் தொழிற்சாலையில் முடித்துக் கொண்டுவந்து, கிரேனால் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி அடுக்குமாடி எழுப்புகிறார்களே, அந்த முறையின் உறவுக்காரன் இது. மேனுஃபேக்சர்ட் ஹோம் அப்படியல்ல. அடியில் எஃகுச் சட்டம் நிரந்தரமாக இருக்க வேண்டும் என்று 1974 சட்டம் கேட்டது. சக்கரத்தைக் கழற்றினாலும் சட்டம் வீட்டோடேயே இருக்கும். வண்டியின் எலும்பு உள்ளே இருக்கிறது என்று சொல்லலாம். அந்த எஃகுச் சட்டக் கட்டாயத்தை நீக்க வழி செய்யும் மசோதா ஒன்றை 2025 ஜூலையில் செனட் சபையின் வங்கிக் குழு ஏகமனதாக ஏற்றது.

சரி, 1976 விதி வந்ததும் எல்லாம் பாதுகாப்பாகிவிட்டதா என்றால், இல்லை. 1992 ஆகஸ்ட் 24-ஆம் தேதி ஆண்ட்ரூ புயல் தென் புளோரிடாவைத் தாக்கியது. ஹோம்ஸ்டெட் என்ற ஊரில் இருந்த மொபைல் ஹோம்கள் 1,176. அவற்றில் 1,167 அடியோடு அழிந்தன. மிஞ்சியவை ஒன்பது. அழிந்தவற்றில் சிவப்புத் தகடு உள்ளவையும் இருந்தன. சாதாரணக் கட்டட வீடுகளும் அன்று ஆயிரக்கணக்கில் கூரை இழந்தன என்பதையும் நியாயமாகச் சொல்ல வேண்டும். ஆனால் ஒன்பதே மிச்சம் என்ற கணக்கு யாரையும் உலுக்கும். விதி போதாது என்பதை அமைச்சு ஒப்புக்கொண்டது. 1994 ஜூலை முதல் நாட்டைக் காற்று மண்டலம் மூன்றாகப் பிரித்து, தென் புளோரிடாக் கரையோரம் போன்ற கடும் மண்டலத்துக்குச் செய்யும் வீடு மணிக்கு 110 மைல், அதாவது சுமார் 177 கிலோமீட்டர் வேகக் காற்றுக்கு ஏற்றபடி வடிவமைக்கப்பட வேண்டும் என்றது.

பத்தாண்டு கழித்து, 2004-ல் சார்லி புயல் அதே மாநிலத்தின் மேற்குக் கரையில் ஏறியது. ஒரே பார்க்கில் பழைய வீடுகள் தகரக் குவியலாகக் கிடக்க, 1994-க்குப் பின் செய்த வீடுகள் கூரையில் சிறு சேதத்தோடு நின்றன. ஆகவே வாங்குகிறவர் பார்க்க வேண்டிய தேதி ஒன்றல்ல, இரண்டு. அதோடு, வீட்டைத் தரையோடு பிணைக்கும் நங்கூரக் கம்பிகளையும் பார்க்க வேண்டும். எவ்வளவு நல்ல வீடானாலும் துருப்பிடித்த கம்பி அதைக் காப்பாற்றாது. சுழல்காற்று எச்சரிக்கை வந்தால், புதியதோ பழையதோ, இவ்வகை வீட்டில் தங்காமல் வலுவான கட்டடத்துக்கு ஓடுங்கள் என்றுதான் அமெரிக்க வானிலைச் சேவை சொல்லி வருகிறது. தகடு அந்த எச்சரிக்கையை ரத்துச் செய்துவிடவில்லை.

பெயர்க் குழப்பம் உடல்நலத்திலும் விளையாடியது. 2005-ல் கத்ரினா புயலுக்குப் பின், வீடிழந்தோருக்கு அரசாங்கம் கொடுத்த தங்குமிடங்களை எல்லோரும் டிரெய்லர் என்று ஒரே சொல்லில் அழைத்தார்கள். கண்ணெரிச்சல், மூச்சுத்திணறல் என்று புகார்கள் எழுந்தன. பலகைப் பசையிலிருந்து வரும் ஃபார்மால்டிஹைட் வாயுவே காரணம் என்ற சந்தேகம் வலுத்தது. நோய்க் கட்டுப்பாட்டு மையம் 519 தங்குமிடங்களைச் சோதித்து 2008-ல் முடிவை வெளியிட்டது. சராசரி அளவு நூறு கோடிக்கு 77 பங்கு. அதில் உல்லாசப் பயண டிரெய்லர்களில் அளவு அதிகம். மொபைல் ஹோம் வகையில் குறைவு. காரணம் இருக்கிறது. ஹட் விதிக்கு உட்பட்ட வீடுகளில் பயன்படுத்தும் பலகைக்கு 1980-களின் நடுவிலிருந்தே ஃபார்மால்டிஹைட் வரம்பு உண்டு. பயண டிரெய்லர் அந்த விதிக்குள் வரவே இல்லை, ஏனெனில் அது சில நாள் தங்குவதற்கானது. அதில்தான் குழந்தை குட்டிகளோடு குடும்பங்கள் மாதக்கணக்கில் தங்கின.

இதுவரை சொன்னது வீட்டைப் பற்றி. ஆனால் இவ்வகை வீடுகளில் வாழும் சுமார் இரண்டு கோடி அமெரிக்கர்களில் பலரைத் தூங்கவிடாமல் செய்வது வீடு அல்ல, அதன் கீழே இருக்கும் மண்.

வீடு அவர்களுடையது. மனை வேறொருவருடையது. மாதாமாதம் மனைக்கு வாடகை. பழைய மொபைல் ஹோம் வண்டியாகப் பிறந்தது. ஆகவே அதற்கு நிலப்பட்டா இல்லை, வண்டிக்குரிய உரிமைப் பத்திரம்தான். மேனுஃபேக்சர்ட் ஹோம் என்று பெயர் மாறிய பிறகும் இந்தப் பழக்கம் போகவில்லை. புளோரிடாவில் இன்றும் அது வாகன இலாகாவில் பதிவாகிறது; காருக்குச் சாலைவரி ஒட்டி வாங்குவதைப் போல ஆண்டுதோறும் ஓர் ஒட்டுவில்லை வாங்க வேண்டும். மனையும் தமக்கே சொந்தம் என்று காட்டுகிறவர்களுக்கு மட்டும் வேறுவகை ஒட்டுவில்லை. அவர்கள் வீடு அப்போதுதான் அசையாச் சொத்து ஆகிறது.

அசையும் சொத்து என்றால் கடனும் அப்படித்தான். வீட்டுக் கடன் அல்ல, பொருள் கடன். வட்டி அதிகம், தவணைக்காலம் குறைவு, தவறினால் பறிமுதலும் விரைவு. 2014-ல் அமெரிக்க நுகர்வோர் நிதிப் பாதுகாப்பு அமைப்பு ஓர் அறிக்கை வெளியிட்டது. மேனுஃபேக்சர்ட் ஹோம் வாங்கப் பெற்ற கடன்களில் 68 விழுக்காடு உயர்வட்டிக் கடன்கள். சாதாரண வீடுகளில் அது 3 விழுக்காடு. நிலத்தின் விலையை நீக்கிவிட்டுப் பார்த்தால் சதுர அடிக்கு ஏறத்தாழ பாதி விலைக்குக் கிடைக்கும் வீடு இது. அந்த மலிவில் ஒரு பகுதியை வட்டி தின்றுவிடுகிறது. விதி வீட்டைத் திருத்தியது, கடன்காரர் கணக்குப் புத்தகத்தைத் திருத்தவில்லை.

பிறகு மனை வாடகை. கடந்த பதினைந்து இருபது ஆண்டுகளில் பெரிய முதலீட்டு நிறுவனங்கள் இந்தப் பார்க்குகளை வாங்கிக் குவித்தன. காரணம் எளிது. வாடகையை உயர்த்தினால் குடியிருப்பவர் எங்கே போவார்? வீட்டைக் கட்டி இழுத்துக்கொண்டு போகலாமே என்பார்கள். மொபைல் என்ற பெயர் செய்யும் கெடுதல் இதுதான். கேட்பவர் மனத்தில் ஏதோ சக்கரத்தில் உருண்டு போகும் வீடு என்ற படம் விழுகிறது. உண்மையில் ஒரு வீட்டைப் பெயர்த்து வேறு மனையில் வைக்கப் பல ஆயிரம் டாலர் ஆகும். 1976-க்கு முந்திய வீடு என்றால் அடுத்த பார்க் ஏற்பதில்லை; ஏற்றாலும் வழியில் நொறுங்காமல் போய்ச் சேருமா என்பது சந்தேகம். நிலத்தை வேறு காரியத்துக்கு விற்கிறோம், பார்க் மூடப்படுகிறது என்றால், புளோரிடா சட்டம் குடியிருப்பவருக்குக் குறைந்தது ஆறு மாத அவகாசம் தரச் சொல்கிறது. ஓய்வூதியத்தில் வாழும் எழுபது வயது மூதாட்டி ஆறு மாதத்தில் என்ன செய்வார்? பலர் வீட்டை அப்படியே விட்டுவிட்டுப் போகிறார்கள்.

இதற்கு ஒரு வழி நியூ ஹாம்ஷயர் மாநிலத்தில் பிறந்தது. 1984-ல் மெரிடித் என்ற ஊரில், தங்கள் பார்க் விற்பனைக்கு வந்தபோது, அங்கிருந்த ஒரு சில குடும்பங்கள் கூட்டுறவுச் சங்கமாகச் சேர்ந்து, ஒரு சமூகக் கடன் நிதியின் உதவியோடு அந்த நிலத்தையே வாங்கிவிட்டன. வீடு அவரவருக்கு, மண் எல்லோருக்கும். ஒரு வீட்டுக்கு ஒரு வாக்கு. மனை வாடகை எவ்வளவு, குழாயை எப்போது மாற்றுவது, சாலைக்கு எப்போது தார் போடுவது என்பதையெல்லாம் அவர்களே கூடி முடிவெடுக்கிறார்கள். தோட்டப்புறங்கள் துண்டாடப்பட்ட காலத்தைக் கண்ட நேயர்களுக்கு, கூட்டுறவாகச் சேர்ந்து நிலம் வாங்குவதன் அருமையை விளக்கத் தேவையில்லை.

அந்த மாநிலத்தில் மட்டும் நூற்றுக்கும் மேற்பட்ட பார்க்குகள் அப்படிக் கைமாறின. 2008-ல் இந்த முறையை நாடு முழுவதும் கொண்டுபோக ஆர்.ஓ.சி. யு.எஸ்.ஏ. என்ற அமைப்பு உருவானது. அதன் துணையோடு முந்நூறுக்கும் மேற்பட்ட குடியிருப்புகள் இன்று குடியிருப்பவர்கள் கையில் இருக்கின்றன. இத்தகைய சங்கத்தில் வங்கிக்குக் கட்டும் தவணை ஒருபுறம் இருக்கும். சீட்டுப் போட்டுக் கொடுப்பது போல் எல்லாம் சுலபமாக நடந்துவிடுவதில்லை. கூட்டத்தில் சண்டையும் உண்டு. ஆனால் வேறொருவர் எடுக்கும் முடிவால் ஆறு மாத நோட்டீசு வந்து கதவில் ஒட்டப்படுவதில்லை. 1975 வீட்டில் இருப்பவருக்கும் 1977 வீட்டில் இருப்பவருக்கும் அங்கே ஒரே ஒரு வாக்குதான்.